வயிற்றுக்கடியில் ஒரு டேப்

மூன்றாவது முறையாகவும் அந்தக் குட்டி விமானம் பாதியில் திரும்பி வந்தது. ரேடாருக்கு அடையாளம் சொல்ல வேண்டிய டிரான்ஸ்பாண்டர், மேலே போனதும் வாயை மூடிக்கொள்கிறதாம். மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியை மாற்றியாயிற்று, வயரையும் மாற்றியாயிற்று. சோதனைக் கருவியை நேராகப் பெட்டியில் மாட்டினால் மட்டும் மணிமணியாகப் பதில் சொல்கிறது.

"மச்சான், சுவிட்சை ஒழுங்காப் போட்டீங்களா?"

"எத்தனை தடவைதான் இதையே கேப்பே?" என்று எரிந்து விழுந்தார் பைலட்.

மெக்கானிக் ஸ்பேனரை விட்டெறிந்தார். அது விமானத்தின் வயிற்றுக்கடியில் போய் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அண்ணாந்து பார்த்தார். வெள்ளி நிற உடம்போடு உடம்பாக, டிரான்ஸ்பாண்டரின் ஆன்டெனாவை மூடியிருந்தது அலுமினிய டேப். போன வாரம் விமானத்தைக் கழுவும்போது தண்ணீர் படாமலிருக்க ஒட்டியது. அதன்மேல் அவருடைய கையெழுத்திலேயே, கொட்டை எழுத்தில்: 'பறக்குமுன் மறக்காமல் பிரிக்கவும்.'