கஸ்பர் தேடிய ஆள்

கஸ்பர் வந்து டெல்சியின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும், அவள் கண்ணாடியில் அவரை இன்னொரு தடவை பார்த்தாள். அட்டனில் சொந்தமாக லொறிகள் ஓட்டும் மனுசன். ஆட்டோவில் ஏற அவருக்கு என்ன தேவை?

“எங்க அண்ணே போகணும்?”

“எங்கயும் இல்ல. சும்மா டிக்கோயா பக்கம் ஓட்டு.”

பகலிலேயே பனி இறங்கி, தேயிலை மலைகள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் கஸ்பர் வாயைத் திறந்தார்.

“ஜெயந்தினிக்கு யாரோ இருக்கான் தங்கச்சி. போன் அடிச்சா வெளியில போய்ப் பேசுறாளாம். தனியா இருந்து சிரிக்கிறாளாம். கல்யாணத்துக்கு அலங்காரம் பண்ணப் போறப்பல்லாம் நீதானே கூட்டிட்டுப் போற? அவன் யாருன்னு பாத்துச் சொல்லு. பொம்பள பின்னால போனா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்.”

டெல்சி தலையை மட்டும் ஆட்டினாள். பேசியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பாள். ஏனென்றால் ஜெயந்தினிக்கு இருந்த அந்த ‘யாரோ’ டெல்சியேதான்.

ஜெயந்தினி அட்டன் கடைத்தெருவில் அழகுநிலையம் நடத்துகிறவள். கஸ்பருக்கும் அவளுக்கும் நிச்சயம் செய்திருந்தார்கள். அவளைக் கேட்டுச் செய்ததல்ல. கஸ்பர் பெண் கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அவள் வீட்டில் யாருக்கும் இல்லை. கஸ்பரின் லொறி ஓட்டும் வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று சொன்ன டிரைவர் சின்னத்தம்பி இப்போது ஊன்றுகோலோடுதான் நடக்கிறான். லொறி மோதியதாகப் பொலிஸில் எழுதியிருந்தது. அது எந்த லொறி என்று ஊருக்கே தெரியும்.

டெல்சிக்கும் ஜெயந்தினிக்கும் விஷயம் ஆரம்பித்தது இறம்பொடையில். ஒரு கல்யாணத்துக்காகப் பெரிய மேக்கப் பெட்டியோடு ஜெயந்தினி ஆட்டோவில் வந்தாள். வளைவுகள் தாங்காமல் வாந்தி எடுத்து, டெல்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு அருவிப் பக்கம் நின்றாள். அன்று மணப்பெண்ணை அலங்கரித்து முடித்ததும், மிச்சமிருந்த பொட்டு ஒன்றை எடுத்து டெல்சியின் நெற்றியில் ஒட்டினாள். “நான் வேதக்காரி, பொட்டு வைக்கிறதில்ல” என்றாள் டெல்சி. “அதுக்கென்ன, அழகா இருக்கே” என்றாள் ஜெயந்தினி. அட்டன் வந்து சேரும்வரை டெல்சி அதை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு மலைநாட்டில் எத்தனை கல்யாணம் நடந்தாலும் அவளுக்குச் சந்தோசம்தான்.

கஸ்பர் கேட்டதை டெல்சி வந்து சொன்னபோது, ஜெயந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஒன்னையே ஒன்னத் தேடச் சொல்லியிருக்காரு!”

“சிரிக்காதடி. கால ஒடச்சிருவாரு.”

“அவருக்கு ஒரு ஆம்பள வேணும், அவ்வளவுதானே? நம்மளே ஒருத்தன உண்டாக்கிக் குடுப்போம்.”

அவளே அவனை உண்டாக்கினாள். கபிலநிறத் தோல் ஜக்கெட். கறுப்பு ஜீப். வலது கையில் வெள்ளிக் காப்பு. டெல்சிக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு ருசி கண்டுவிட்டது. கஸ்பர் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து விட்டாள். முதலில் ஜீப். அடுத்த வாரம் ஜக்கெட். கொட்டகலையில் இருவரும் தேத்தண்ணி குடித்ததாகத் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

“மூஞ்சியப் பாத்தியா?” என்றார் கஸ்பர்.

“தூரத்துல தாண்ணே. சிரிச்சா தங்கப்பல்லு ஒன்னு தெரியுது. கையில வெள்ளிக் காப்பு.”

தங்கப்பல்லும் ஜெயந்தினி சொல்லிக்கொடுத்ததுதான். அதைக் கேட்டதும் கஸ்பர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, நடு வழியில் இறங்கி நடந்தார்.

அந்த வாரக் கடைசியில் ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரும் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். பொல்பிட்டிய பக்கம் யாரோ எடுத்த வீடியோ. முட்டைக்கோவா ஏற்றிய லொறியைக் கஸ்பர் குறுக்கே விட்டு ஒரு கறுப்பு ஜீப்பை மறித்திருந்தார். ஜீப்பிலிருந்த ஆளை வெளியே இழுத்துப் போட்டு அடித்தார். அந்த ஆளும் விடவில்லை. கடைக்காரர்கள் கூப்பிட்டுப் பொலிஸ் வந்தது. விலக்கிவிட வந்த பொலிஸ்காரர்கள் கோவாவுக்கு அடியில் இருந்த மூட்டைகளைப் பிரித்தார்கள். காட்டில் களவாக வெட்டிய வல்லப்பட்டை. வெளிநாட்டில் வாசனைத் தைலத்துக்கு அள்ளிக்கொண்டு போகும் மரம். இரண்டு பேருக்கும் விலங்கு மாட்டினார்கள்.

“மத்தவன் வலப்பனை முத்துலிங்கம். மரத்த வாங்குற ஆளு. ரெண்டு பேரும் கூட்டாளிங்கதானே, எதுக்கு அடிச்சிக்கிட்டாங்கன்னு தெரியல” என்றான் ஒருவன்.

டெல்சி எட்டிப் பார்த்தாள். கபிலநிற ஜக்கெட். காப்பு. முத்துலிங்கம் ஏதோ கத்த வாயைத் திறந்தபோது, பல் மின்னியது.

அவள் நேராக அழகுநிலையத்துக்குப் போனாள். ஜெயந்தினி யாருக்கோ புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். டெல்சியின் முகத்தைப் பார்த்ததும் வந்தவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“அந்த ஆள ஒனக்கு முன்னாலயே தெரியும்.”

“கஸ்பர் வீட்டுக்கு வருவான். பாத்திருக்கேன்.”

“என்னைய வச்சு ரெண்டு பேரையும் மோத விட்டுட்ட.”

“ஆமா.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா ஒன்னால அப்படிப் பொய் சொல்லியிருக்க முடியுமா? ஒன் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்.”

“அவரு கத்திய எடுத்திருந்தா? ஒருத்தன் செத்திருந்தா, அந்தப் பாவம் யாரு தலையில? எந்தலையில!”

கதவைத் திறந்துகொண்டு டெல்சி போய்விட்டாள். அதன் பிறகு ஜெயந்தினியின் போனை எடுக்கவில்லை. கொழும்பு பஸ்ஸுக்குப் போகிறவர்களையும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினாள். கல்யாண ஹயர் வந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்தாள். ஜெயந்தினி தன்னை ஆசையாய்ப் பார்த்தபோதெல்லாம் அவள் மனதில் என்னதான் ஓடியதோ என்று நினைத்து நினைத்து நெஞ்சு எரிந்தது.

விளக்கமறியல் சிறையிலிருந்து கஸ்பர் ஆள் அனுப்பினார். டெல்சி வந்து பார்க்க வேண்டுமாம்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் மெலிந்திருந்தார். “முத்துலிங்கம் புள்ளைங்க மேல சத்தியம் பண்றான். அவள ஏறெடுத்தும் பாக்கலங்கிறான். நீ உண்மையச் சொல்லு தங்கச்சி. அவன்தானே?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரத்தான் டெல்சி போயிருந்தாள். ஆனால் பொய் சொல்லிச் சொல்லி அவளுக்குச் சலித்துவிட்டது.

“அவரு இல்லண்ணே. அது நான்தான்.”

“என்ன நான்தான்?”

“ஜெயந்தினிக்கு இருக்க ஆளு. நான்தான். அந்த ஜக்கெட்டு, ஜீப்பு எல்லாம் பொய்.”

கஸ்பர் அவளையே பார்த்தார். பிறகு, அங்கே நின்ற காவலாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

“முத்துலிங்கத்தோட ஆளுங்க வந்து மெரட்டினாங்களா? இப்படிச் சொல்லச் சொன்னாங்களா? பயப்படாத. நீ நல்ல புள்ள. போ, வீட்டுக்குப் போ.”

டெல்சி வீட்டுக்குப் போகவில்லை. அழகுநிலையத்தில் ஜெயந்தினி தனியாக இருந்தாள். டெல்சி எங்கே போய் வந்தாள் என்று ஸ்டாண்டில் யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது.

“என்னடி சொன்ன?”

“உண்மைய.”

ஜெயந்தினி கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. “அவரு?”

“சிரிச்சாரு. நம்பல. நம்பவே மாட்டாரு.”

அவளும் சிரிப்பாள் என்று டெல்சி எதிர்பார்த்தாள். ஆனால் ஜெயந்தினி வாடிக்கையாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை நாளில் அவள் அழுது டெல்சி பார்த்ததே இல்லை.

“ஒனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு தெனமும் செத்துப் பொழச்சேன். நீ கேட்டப்ப இதச் சொல்ல வாய் வரல. அவருகிட்டருந்து தப்பிக்க வேற வழியும் தெரியல டெல்சி.”

டெல்சி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு குனிந்து சீப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இனிமே எந்தப் பொய்யா இருந்தாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு. ரெண்டு பேருமாச் சேந்து சொல்லுவோம்.”

ஜெயந்தினி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அம்மா நிச்சயத்த முறிச்சிட்டாங்க, தெரியுமா? ஜெயிலுக்குப் போனவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்களாம்.”

“நல்லதாப் போச்சு.”

“நாளைக்கு நானுஓயாவுல ஒரு கல்யாணம். பொண்ணுக்கு முடி ரொம்ப நீளம். வெள்ளனவே போகணும்.”

“பெட்டிய இப்பவே ஆட்டோவுல ஏத்திரு,” என்றாள் டெல்சி. “காலையில கூட்டிட்டுப் போறேன்.”