கெசையாவின் மூன்றில் ஒரு பங்கு

கெசையாவின் அறைக்குக் கீழே வீடு கிடையாது. ஒரு படிக்கட்டு, ரொட்டி சுடும் அடுப்பு, மற்றபடி புல். மேலே அறை மட்டும் அந்தரத்தில் நின்றது.

அந்த மாசசூசெட்ஸ் ஊரில் வீட்டைக் கட்டியவர் அவள் கணவர், பெருந்தச்சர் அசாப் தேயர். இரும்பாணி தொடமாட்டார், ஓக் மரம், அதை இணைக்க ஓக் முளைக்குச்சி. அவர் இறந்ததும் வழக்கப்படி கோர்ட் ஆள் அனுப்பிப் பங்கு பிரித்தது. விதவைக்கு மூன்றில் ஒன்று, அங்கே குடியிருக்கும்வரை: கிழக்கு மாடியறை, ஏறி இறங்கப் படி, ரொட்டி சுட அடுப்பு. மிச்சம் மூத்த தாரத்து மகன் ஓபெத்துக்கு. அவள் கிளம்பினால் அறையும் அவனுக்கு. கிளம்பினால் அவளுக்கு இருந்தது தம்பி வீட்டுச் சமையலறை மூலை ஒன்றுதான். வீட்டைக் கழற்றி வேறிடத்தில் பூட்டுவது அங்கே சகஜம். ஓபெத் தன் பங்கைக் கழற்ற ஆரம்பித்தான். சுவர், புகைபோக்கி, பலகை எல்லாம் போய், அவள் அறையைத் தாங்கிய நான்கு தூண்கள் மிஞ்சின.

"சித்தி, நாளைக்குத் தூணை அறுக்கிறேன். மரியாதையா இறங்கிடுங்க."

"உன் தூணை நீ அறு. என் தரையில கீறல் விழுந்தா கோர்ட்டுக்கு வருவேன்."

"தரையா? நாளைக்கு நீங்க தரையிலதான் கிடப்பீங்க!"

மறுநாள் கெசையா நூல் நூற்கும் ராட்டினத்தின் முன் உட்கார்ந்தாள். பயம் இல்லாமல் இல்லை. மிதியிலிருந்து காலை எடுத்தால் எழுந்து ஓடிவிடுவோம் என்று தெரியும், எடுக்கவில்லை. மூன்று தூண் விழுந்ததும் வேலையாட்கள் ரம்பத்தை வைத்துவிட்டார்கள். "இந்தப் பாவத்துக்குக் கூலி வேணாம் ஓபெத்து," என்றான் ஒருவன். கடைசித் தூணை ஓபெத்தே அறுத்தான். படியின் உச்சியையும் அறையிலிருந்து ஒரு சாண் பிரித்துவிட்டான். சுமைக்காரன் தோள் மாற்றுவதுபோல அறை ஒருமுறை முனகிற்று. நின்றது.

கெசையா ஜன்னலில் தலை நீட்டினாள். "ஆச்சா? தூளைப் பெருக்கிட்டுப் போ."

குளிர்காலத்தில் அடியிலிருந்தும் காற்று வந்தது. சட்டியில் கங்கு அள்ளி, ஒரு சாண் வெற்றிடத்தைத் தாண்டி, மேலே கொண்டுபோனாள். ஓபெத் கழற்றிய வீட்டை எதிர் வயலில் மறுபடி எழுப்பி, வாசலை இந்தப் பக்கமாக வைத்து, அவள் சாவதற்குக் காத்திருந்தான். அவன் தாடி நரைத்தது. பெற்ற பிள்ளைகள் கல்யாணமாகிப் போனார்கள். ஒரு மார்ச் மாதம் காய்ச்சலில் அவன்தான் முந்திக்கொண்டான். கெசையா துக்க வீட்டுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள், கல்லறைவரை நடந்தாள், திரும்பி வந்து படியேறினாள்.

பிறகு ஊர்ப் பாதையை அறைக்கு அடியிலேயே போட்டார்கள். நேர் வழி அதுதான். வைக்கோல் வண்டிக்காரர்கள் பாரத்தைக் கொஞ்சம் தணித்து ஏற்றிக்கொள்கிறார்கள்.