வாசுதேவனின் வண்டி டிரெய்லர் பார்க்கப் போன மூன்று வருடம்

வாசுதேவன் இறந்த பதினேழாம் நாள், காலை ஐந்தரை மணிக்கு, அவனுடைய இழுவை லாரி தானாகவே கிளம்பி டிரெய்லர் பார்க்கப் போனது. முந்தின நாள்தான் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்திருந்தார்கள். புதுப்பட்டினத்தில் பால் வாங்க நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். பின்னால் ஒன்றும் பூட்டாத அந்த மொட்டை வண்டி, டிரைவர் சீட்டில் ஆளில்லாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு, தெருமுனையில் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுத் திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பியது. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து வீட்டுக்கு எதிரே வழக்கமான இடத்தில் ஒழுங்காக நின்றது. மறுநாளும் போனது. வாசுதேவனின் மனைவி காசியம்மாளின் தம்பி ஜெயக்குமார் மூன்றாம் நாள் பேட்டரியைக் கழற்றி வைத்துப் பார்த்தான். பேட்டரி இல்லாமலே போய்விட்டு வந்தது. பிறகு அவனே வெட்கப்பட்டு அதை மாட்டிவிட்டான்.

வாசுதேவன் பத்தொன்பது வருடம் பிறத்தியாருக்கு லாரி ஓட்டியவன். விசாகப்பட்டினம், நாக்பூர், ஒருமுறை கவுஹாத்தி வரை போனான். மகள் காயத்ரி பிறந்தபோது அவன் நெல்லூர் பக்கம் டயர் மாற்றிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பல் முளைத்ததையும் நடை வந்ததையும் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டான். கொரோனாவுக்கு அடுத்த வருடம், ஒரு பழைய இழுவை லாரியைச் சொந்தமாக வாங்கினான். இனி பின்னால் பூட்ட ஒரு தட்டை டிரெய்லர் மட்டும் வேண்டும். பக்கப் பலகையும் கூரையும் இல்லாத, கல்லையும் கம்பியையும் கிரேனால் அப்படியே இறக்கி வைக்கக்கூடிய டிரெய்லர். எந்த நீளம் என்பதைப் பற்றி அவன் வீட்டில் பேசியதுபோல் கல்யாணத்தைப் பற்றிக்கூடப் பேசியதில்லை. "நாப்பதடி வாங்குனா லோடு நம்மள நாக்பூருக்கு இட்டுகினு பூடும். திருக்கழுக்குன்றம் வளைவுல திருப்பவும் பேஜாரு. முப்பத்திரண்டடி, ரெண்டு அச்சு, அது போதும். மதுராந்தகத்துல கல்லு ஏத்தி மாமல்லபுரத்துல எறக்குனா, சாயங்காலம் நம்ம வூட்ல சோறு" என்றான். காசியம்மாளுக்கு அச்சும் தெரியாது, அடியும் தெரியாது. கடைசி வார்த்தை மட்டும் நன்றாகப் புரிந்தது. வண்டி வந்த பதினோராம் நாள், படாளம் தாண்டி எல்லப்பனின் பழைய டிரெய்லர் யார்டில், ஒன்றின் அடியில் குனிந்து ஸ்பிரிங் பட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன் அங்கேயே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தேழு வயது.

ஆளில்லாத வண்டியைப் பற்றி ஊர் ஒரு வாரம் பேசியது. அதற்குப் பிறகு கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸைப் போல அதுவும் நேரம் பார்க்க உதவியது. செங்கல்பட்டு பைபாஸில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். வண்டி ஓரங்கட்டி நின்றது. லைசென்ஸ் கேட்க ஆள் இல்லாததால் அவர் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போகச் சொன்னார். டீசல் மட்டும் மற்ற வண்டிகளைப் போலவே குடித்தது. கல்பாக்கம் டவுன்ஷிப் கேன்டீனில் வேலை செய்த காசியம்மாள் அதற்கென்று சம்பளத்தில் ஒதுக்கினாள். சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் அவள் ஏறி டிரைவர் சீட்டில் உள்ளங்கையை வைப்பாள். இப்போதுதான் ஒருவன் எழுந்து போனதுபோலச் சூடாக இருக்கும். அது ஆறும்வரை கையை எடுக்கமாட்டாள். அதற்குப் பிறகுதான் உலை வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். வண்டி அவளை நேரே எல்லப்பனின் யார்டுக்குக் கூட்டிப்போனது. வரிசையாக நின்ற டிரெய்லர்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் ரிவர்ஸில் போய், ஒரு முழம் இடைவெளி விட்டு நின்று, ஒரு ஆள் சுற்றிவந்து பார்க்கும் நேரம் காத்திருந்து, நகர்ந்தது. எல்லப்பன் நாற்காலி கொண்டுவந்து போட்டார். "தினம் வருதும்மா. அச்சு பாக்குது, டெக்கு பாக்குது, பூடுது. என் யார்டுலதான் அவரு உசுரு போச்சு. நான் இன்னான்னு கேக்கறது?" என்றார். ஐந்தாவது டிரெய்லர் முன்னால் எஞ்சின் அடங்கி, இடதுபக்கக் கதவு திறந்தது. அவளுடைய சம்மதத்துக்காக நிற்கிறது என்று காசியம்மாளுக்குப் புரிந்தது. இறங்கிப் பார்த்தாள். முப்பத்திரண்டடி. இரண்டு அச்சு. தகடு நெளியவில்லை. அவன் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. பூட்டிவிட்டால் தேடுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்பதும், தேடுவதற்கு ஒன்றும் இல்லாதவன் நாளைக் காலை எதற்குக் கிளம்புவான் என்பதும் ஒரே நேரத்தில் அவளுக்கு உறைத்தது. "இது வேணாம்யா. பட்டை ஒண்ணு உடைஞ்சுகீது" என்றாள். எந்தப் பட்டையும் உடைந்திருக்கவில்லை. வண்டி அவள் பேச்சை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டது.

இப்படியே மூன்று வருடம் போயிற்று. ஞாயிறுதோறும் அவள் கூடப் போய் ஒரு குறை சொன்னாள். நீளம் என்றாள், துரு என்றாள், ஒருதரம் நிறம் பிடிக்கவில்லை என்றாள். டிரெய்லரைப் பற்றி அவளுக்கு இவ்வளவு தெரிந்தது அந்த மூன்று வருடத்தில்தான். எல்லப்பன் பொய்யென்று தெரிந்தும் டீ வாங்கிக்கொடுத்தார். நல்ல டிரெய்லர்களை எல்லாம் வேறு ஆட்கள் வாங்கிப்போனார்கள். வண்டிக்கோ வயது ஏறியது. டயர்கள் வழுக்கையாயின. ஆறு மணி ஏழானது, பிறகு எட்டானது. மூன்றாம் வருடம் சித்திரையில், திருக்கழுக்குன்றம் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் மூச்சு வாங்குவதுபோல நின்றுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். அன்றைக்குச் சீட்டில் கை வைத்தபோது, வெதுவெதுப்பு இருந்தது என்று அவளாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

செங்கல்பட்டில் லேப் டெக்னீஷியன் படித்துக்கொண்டிருந்த காயத்ரி, இதையெல்லாம் மூன்று வருடம் பேசாமல் பார்த்தவள், அன்று வாசலில் நின்றபடி கேட்டாள்: "செத்தும் நைனாவ ஏம்மா இப்டி அலைய வுட்டுகினு கீற?"

காசியம்மாள் உள்ளே போய் உலை வைத்தாள். கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு, மறுநாள் காலை தலைக்குக் குளித்து, வண்டியில் ஏறினாள். அன்றைக்கு யார்டில் முப்பத்திரண்டடியில் ஒன்றுதான் நின்றது. அதன் டெக் தகட்டில் துரு ஏறியிருந்தது, ஒரு பட்டை நிஜமாகவே விரிசல் விட்டிருந்தது. வண்டி அதன் முன்னால் போய் நின்று கதவைத் திறந்தது. அவள் இறங்கிச் சுற்றி வந்தாள். எல்லப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் முன்பக்கம் வந்து, சூடான பானெட்டில் கன்னத்தை வைத்து, "இது போதும்யா. இதையே மாட்டிக்க. நீ அலைஞ்சது போதும்" என்றாள்.

வண்டி மெல்லப் பின்னால் போனது. பூட்டு விழுந்த சத்தம் யார்டு முழுக்கக் கேட்டது. எஞ்சின் நின்றது. அவள் ஏறி சீட்டில் கை வைத்தாள். கொஞ்சம் சூடு இருந்தது. எல்லப்பன் போன் செய்து, மதியம் ஜெயக்குமார் பஸ்ஸில் வந்து சேரும்வரை கையை எடுக்கவில்லை. அவன் வந்தபோது சீட்டு வெறும் ரெக்ஸினாக இருந்தது. சாவி போட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டியிருந்தது.

ஜெயக்குமார் பட்டையை மாற்றி, அடுத்த வாரமே கல் ஏற்றினான். மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் இறக்கிவிட்டு ஐந்தரைக்கெல்லாம் திரும்பி, வண்டியை நிறுத்தி, சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போனான். காசியம்மாள் அப்போது தெருவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தெருக்காரர்கள் யாரும் என்ன என்று கேட்கவில்லை. பெண்கள் வந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிரிசில்லா கஞ்சி வைத்துக்கொண்டு வந்தாள். எல்லப்பன் மாலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, லாரியின் முகப்பில் கட்டிவிட்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். புதுப்பட்டினத்தில் ஒரே ஆளுக்கு இரண்டாம் முறை துக்கம் கேட்டது அப்போதுதான்.

சீட்டு ஆறிப்போன பதினாறாம் நாள், வாசுதேவனின் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டக் காசியம்மாள் கடைத்தெருவுக்குப் போனாள். அதுவரை வீட்டில் படம் வைக்கவில்லை. ஸ்டுடியோக்காரர் கிருபாகரன் பிறந்த தேதியை எழுதிக்கொண்டு, இறந்த தேதி கேட்டார். அவள் இரண்டு தேதி சொன்னாள். இரண்டில் எது சரி என்று அவர் கேட்டார்.

"ரெண்டுந்தான்" என்றாள்.

அவர் தலையாட்டி, இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.