ஒருநாளும் சேர்ந்து வாழவில்லை

எழில்மதியின் அப்பா சிங்காரவேலுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் மறுநாள் மதியம் வரை அந்தக் கம்பெனி குவார்ட்டர்ஸில் யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். டிவி ஊமைப்படம் காட்டும். பாத்திரங்கள் கூட பூனைபோல் இறங்கும். சண்டை வந்தாலும் ரகசியக் குரலில்தான் வரவேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த தாய்மாமன் அய்யனார், பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று பக்கப் பத்திரத்தை உருவி மேசைமேல் வைத்தபோது, எழில்மதியின் கல்யாணம் முறிந்துபோன சேதியும் கிசுகிசுப்பாகவே சொல்லப்பட்டது.

"எல்லாம் எழுதி முடிச்சாச்சி பாப்பா. மாப்ள சுதாகரோட அப்பா கையெழுத்து போட்டுட்டாரு. நீ ஒண்ணு போட்டா தீந்துச்சி."

கோர்ட்டு தீர்ப்பெல்லாம் அதுபாட்டுக்கு அப்புறம் வரும். பெரியவர்கள் உட்கார்ந்து, சீர் சாமானைத் திருப்பி எடுத்து, பத்திரம் எழுதினால்தான் அவர்கள் பக்கத்தில் ஒரு கல்யாணம் முறிந்ததாகக் கணக்கு. அய்யனார் இதுவரை இருபது முப்பது பேரை இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சொந்தத் தங்கச்சி மகளுக்கு எழுதவேண்டி வந்ததில் மட்டும் மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது, பாவம்.

எழில்மதி படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள்.

'மேற்படி இருவரும் திருமணமான நாள் முதல் இன்றுவரை ஒருநாளும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழவில்லை.'

"இது எதுக்கு மாமா?"

"அதான் முக்கியமான வரியே. நாளைக்கு உனக்கு இன்னொரு எடம் பாக்கணுமில்ல? மத்ததுக்கெல்லாம் அவங்க இழுத்தடிச்சாங்க. இதுக்கு மட்டும் ஒடனே சரின்னுட்டாங்க."

உடனே சரி என்றார்கள். எழில்மதி அந்த வரியை இன்னொருமுறை படித்தாள்.

"விருத்தாசலத்துல ஒரு பையன் இருக்கான்டி" என்றாள் அம்மா செங்கமலம், சமையலறை வாசலில் நின்றபடி. "நல்ல எடம். இந்த வரி இருந்தா அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நாந்தான் அண்ணங்கிட்ட எழுதச் சொன்னேன்."

அம்மாவின் மேல் கோபம் வரவில்லை. மகளுக்கு நல்லது என்று நினைத்து இதை எழுதச் சொல்லியிருக்கிறாளே என்று அழுகைதான் வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் அமெரிக்காவிலிருந்து சுதாகர்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, "அப்பா அம்மாவ பாத்துட்டு வா" என்று அனுப்பிவைத்தான். அவள் வந்த பத்தாம் நாள் வாட்ஸப்பில் செய்தி வந்தது. அங்கே விவாகரத்துக்கு மனு போட்டாயிற்றாம். 'நீ திரும்பி வந்து பிரயோஜனமில்லை. உன் கார்டு என்னால் வந்தது, என்னோடு போய்விடும்.' அது இரண்டு வருடத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் கிரீன் கார்டு. முடிய இப்போது மூன்று மாதம்தான் இருந்தது. அதை நிரந்தரமாக்க, அந்நாட்டுக் குடியுரிமை உள்ள புருஷனும் கார்டு வாங்கிய பெண்டாட்டியும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும் என்பதுவரை அவளுக்கும் தெரியும். அதனால் அவன் சொன்னதை அப்படியே நம்பினாள். அங்கே மருந்துக்கடையில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அவள் பேர் போட்ட வெள்ளை கோட்டு அங்கே கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும். பி.பார்ம் படித்துவிட்டு ஐந்து வருடம் சும்மா இருந்தவளுக்கு அந்தக் கோட்டு சின்ன விஷயமில்லை.

போன புதன்கிழமைதான் விடிவு வந்தது. அந்த மருந்துக்கடையில் கூட வேலை பார்ப்பவள் கொடுத்த நம்பரில், இலவசமாக ஆலோசனை சொல்லும் வக்கீலம்மா ஒருத்தி காலை ஆறு மணிக்கு வீடியோவில் வந்தாள். கையெழுத்துக்கு அவனைத் தேடவேண்டியதில்லை, விவாகரத்து ஆனாலும் எழில்மதி தனியாகவே மனு போடலாம், கார்டு முடிவதற்குள் திரும்பி வந்துவிடவேண்டும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள். ஒன்றே ஒன்றுதான் காட்டவேண்டும். கார்டுக்காகக் கட்டிய பொய்க் கல்யாணமில்லை, நிஜமாகவே குடும்பம் நடத்தினார்கள் என்பதற்கு ஆதாரம். போட்டோ, வாடகை ஒப்பந்தம், தெரிந்தவர்கள் எழுதித்தரும் சாட்சிக் கடிதம், எதுவானாலும் சரி.

"நான் இதுல கையெழுத்து போடமாட்டேன் மாமா" என்றாள் எழில்மதி. விஷயத்தைச் சொன்னாள்.

அய்யனார் சிரித்துவிட்டார். "அமெரிக்காக்காரன் சேத்தியாத்தோப்புக்கு வந்து பத்திரத்த தேடிகினு இருப்பானா?"

"அவன் தேடமாட்டான். நான் அங்க திரும்பி வரக்கூடாதுன்னு சுதாகர் அனுப்புவான். அதுக்குத்தான் ஒடனே சரின்னாங்க."

அய்யனாரின் சிரிப்பு நின்றது.

"அந்தக் கார்டு போனாத்தான் இன்னா?" என்றாள் செங்கமலம். "அந்த ஊருல தனியா கெடந்து இன்னா பண்ணப்போற? நாலு பேரு பாக்க, அவனோட வாழ்ந்தேன் வாழ்ந்தேன்னு எழுதிக் குடுத்துட்டா இங்க யாருடி உன்ன கட்டுவான்?"

எழில்மதி பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாளும் வாழவில்லையாம். பண்ருட்டிப் பக்கம் திருவதிகைக்காரன் சுதாகர், பலாப்பழ ஏக்கத்தில் சைனாக்காரக் கடையிலிருந்து ஒரு முழுப் பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்த நாள் ஞாபகம் வந்தது. கையெல்லாம் பிசின். எண்ணெய் எடுக்கப் போனவளைப் பிசின் கையோடு பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அன்றைக்கு அவன் நடிக்கவில்லை. அவளும் நடிக்கவில்லை. அப்புறம் அவன் மனசு மாறியது. அதற்காக அந்த நாள் இல்லாமல் போய்விடுமா? அவன் செய்த துரோகத்தை விட, அவளே கையெழுத்துப் போட்டு அந்த நாட்களை அழிப்பது பெரிய துரோகமாகத் தோன்றியது.

"வாழ்ந்தேம்மா" என்றாள். குரல் அவளையும் மீறி உயர்ந்துவிட்டது. "பத்தொம்பது மாசம் அவரோட குடும்பம் நடத்துனேன். சந்தோசமா இருந்தேன். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல."

செங்கமலம் பதறிப்போய் அறைக் கதவைப் பார்த்தாள். கதவு திறந்தது. பனியனும் லுங்கியுமாக சிங்காரவேல் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. தூக்கம் கெட்டால் ரெண்டு நாளைக்கு முகம் கொடுத்துப் பேசாத மனிதர். எவ்வளவு நேரமாக விழித்திருந்தாரோ தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாரா வாரம் வீடியோவுல நாந்தான பாத்தேன், மச்சான்" என்றார் அய்யனாரிடம். "ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்டுகினு இருப்பாங்க. நான் பாத்தத இல்லன்னு நீங்க எப்படி எழுதுவீங்க?"

யாரும் எதிர்பார்க்காமல் செங்கமலம்தான் மேசைக்கு வந்தாள். இரண்டாம் பக்கத்தை மட்டும் உருவினாள். கொஞ்சநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். விருத்தாசலத்துப் பையனின் முகம் அவள் கண்ணில் வந்துபோயிருக்க வேண்டும். பிறகு குறுக்கே கிழித்தாள், ஒருமுறை, இரண்டுமுறை.

"அவங்க வேற பத்திரத்துக்கு ஒத்துக்கமாட்டாங்க, தங்கச்சி."

"ஒத்துக்கலன்னா போறாங்க" என்றாள் செங்கமலம். "எழிலு, அந்த வக்கீலம்மா கேட்ட கடுதாசி இருக்குதே, அத யாரு எழுதணும்?"

"நம்மள தெரிஞ்சவங்க யாரு வேணாலும் எழுதலாம்மா. கண்ணால பாத்ததத்தான் எழுதணும். தமிழ்ல எழுதுனா போதும், மொழிபெயர்த்துக்கலாம்."

"அப்ப எங்கண்ணனே எழுதட்டும். கல்யாணத்துக்கு மொத ஆளா நின்னவரு."

அய்யனார் எழுந்து போய்விடுவார் என்றுதான் எழில்மதி நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். பிரித்துப் பிரித்து எழுதியே பழகிய கைக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சிங்காரவேல் ஷிஃப்ட் டைரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

"அய்யனார் ஆகிய நான்..." என்று தனக்குத்தானே சொல்லியபடி எழுதினார். கல்யாணத் தேதி எழுதினார். மண்டபத்தின் பெயர் எழுதினார். வெற்றிலை பாக்கு மாற்றியதை எழுதினார். செங்கமலம் பின்னால் நின்று, மறுவீட்டுக்கு மாப்பிள்ளை வந்து நாலு நாள் தங்கியதையும் எழுதச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"போன வருசம் நெலத்துப் பிரச்சனையில நான் போன் பண்ணப்ப, ரெண்டு பேரும்தான் பேசுனீங்க. அதையும் போடவா?"

"போடுங்க மாமா."

பேனா தயங்கி நின்றது.

"நீங்க குடியிருந்த ஊரு பேரு இன்னா பாப்பா?"

"சின்சினாட்டி."

அய்யனார் 'சின்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். "மெதுவா. எழுத்து எழுத்தா சொல்லு."

எழில்மதி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டு, தாளில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அய்யனாரின் பேனா அவள் விரலுக்குப் பின்னாலேயே போனது.