குழாயைத் திறந்தவன்

நான்தான், உங்கள் ஹேமநாத். கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டை ரோட்டில் ஒரு லேத் பட்டறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். என் குரலைக் கேட்டதும் நந்தினி அக்கா போனை வைத்துவிட்டாள். நைனா எடுக்கவே இல்லை. பார்த்திபன் உங்களிடம் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போனில் பேசிப் பேசியே எழுத்தாக்கி அனுப்புகிறேன். வீட்டில் யார் படித்தாலும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

நானும் அவனும் பழைய இரும்பு உருக்கும் கம்பெனியில் ஒன்றாக வேலை செய்கிறோம். லாரியில் வரும் இரும்பைப் பிரித்துப் போடுவது நான், உலையில் தள்ளுவது அவன். போன வெள்ளிக்கிழமை லோடில் ஒரு சிவப்புத் துணி மூட்டை வந்தது. மேலெல்லாம் குங்குமம். நான் தள்ளி நின்றேன். பார்த்திபன்தான் சிரித்துக்கொண்டே அவிழ்த்தான். உள்ளே முழங்கை நீளத்துக்கு, குங்குமம் அப்பிய ஓர் இரும்புக் குழாய். இரண்டு பக்கமும் ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

மறுநாள் அவனுக்குக் காய்ச்சல், வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. நாங்கள் தங்கியிருக்கும் ரூமில் எல்லோரும் செய்வினை, ஏவல் என்று பேச ஆரம்பித்து, ஒரு மந்திரவாதியையும் கூட்டிவந்துவிட்டார்கள். குழாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் உள்ளே இருப்பது திறந்தவன் மேல் ஏறிவிடும், முதலில் தொட்டவனே அதை அணையாத நெருப்பில் போட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அணையாத நெருப்பு என்றால் எங்களுக்கு உலைதான்.

மூடிய சாமானும் ஈரச் சாமானும் உலைக்குள் போகக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் முதலில் சொல்லித்தருவது. மழையில் நனைந்த ஒரு டப்பா தவறிப்போய் உள்ளே விழுந்து, உருகிய இரும்பு கூரைவரை தெறித்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். இந்தக் குழாய் விழுந்தால் முன்னால் நிற்பவன் பிழைக்க மாட்டான். அதை அவனிடம் சொன்னேன்.

"தெரியும்டா. வெடிச்சா வெடிக்கட்டும். இந்தப் பேஜாரைத் தாங்கிக்கினு என்னால படுத்துக் கெடக்க முடியாது," என்றான்.

சூப்பர்வைசர் வரதனிடம் ஓடினேன். அவர் கையிலேயே தாயத்து தொங்குகிறது. எதையாவது போட்டு முடியுங்கள், எனக்கு ஆள் வேலைக்கு வந்தால் போதும் என்றார்.

இன்று மதிய ஷிப்டில் போடுவது என்று முடிவாகிவிட்டது. பார்த்திபன் குளிக்கப் போன நேரத்தில் குழாயை என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு மட்டும் பயம் இல்லையா? பை தொடையில் படும்போதெல்லாம் உடம்பு கூசியது. ஏரியில் வீசினால் தேடி எடுத்துவிடுவான். திறந்துவிட்டால்தான் தொட மாட்டான் என்று தோன்றியது.

பட்டறைக்காரர் சரவணகுமாரிடம் அறுத்துத் தரச் சொன்னேன். குங்குமத்தைப் பார்த்ததும் அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, சீர்வரிசை மாதிரி பொட்டெல்லாம் வச்சி எடுத்துக்கினு வந்துகீற. ரம்ப பிளேடு வேணா தரேன். நீயே அறுத்துக்கோ."

நானே அறுத்தேன். கறுத்த தண்ணீர் நாற்றத்தோடு என் காலில் கொட்டியது. உள்ளே ஆணிகள், சுருட்டிய செப்புத் தகடு, கொஞ்சம் முடி. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பார்த்திபன் என்னைத் தேடிக்கொண்டு மூச்சிரைக்க வந்துவிட்டான்.

"தொறந்துட்டியா?"

"தண்ணி போயிடுச்சு மச்சான். இனிமே வெடிக்காது. போடணும்னா இப்ப போடு."

அவன் கிட்டே வரவில்லை.

"இனிமே அது உன் மேலதான். ரூமுக்கு வராத. ஊருக்கும் போவாத. உங்க பக்கத்து ஊட்லதான் எங்கம்மா இருக்குது."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். காய்ச்சல்காரன் மாதிரியே இல்லை, அவ்வளவு வேகமாக நடந்தான். போகும்போதே போனைக் காதில் வைத்தான். அது உங்களுக்குப் போட்ட போன்தான்.

குழாய் இன்னும் என் எதிரில்தான் கிடக்கிறது. இனி யாரும் அதை உலைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கால் கழுவியும் நாற்றம் போகவில்லை. வெயிலில் உட்கார்ந்திருந்தும் குளிர்கிறது. பயத்தாலா, வேறு எதனாலா என்று எனக்கே தெரியவில்லை.

பள்ளிப்பட்டு பஸ் பிடித்து வருகிறேன். சுற்றிப்போடுவது, தண்ணீர் ஊற்றுவது எதுவானாலும் வாசலிலேயே செய்யுங்கள். எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன். அதன் பிறகு கதவைத் திறந்து என்னை உள்ளே விடுங்கள்.