இரு பக்கமும் இறக்கம்

டீசல் வரி ஏறிய மறுநாள் காலையிலிருந்து கிளென்மார்கன் மலைச்சாலை போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம் என்று ஆகிவிட்டது. முதலில் கண்டுகொண்டவன் தேயிலை லாரி ஓட்டும் ஜெர்சன். டீசலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் இன்ஜினை அணைத்து வண்டியைச் சும்மா உருள விடுவது அந்தப் பக்கத்து டிரைவர்களின் வழக்கம். அன்றைக்குக் கீழே பச்சைத் தேயிலையை ஏற்றிக்கொண்டு மேலே திரும்பும்போது இன்ஜினைப் போட மறந்துவிட்டான். லாரி பாட்டுக்கு ஏறிவந்து தேயிலை ஃபேக்டரி வாசலில் நின்றது. ஊரே கூடி உருளைக்கிழங்கை உருட்டிப் பார்த்தது. எந்த முனையில் விட்டாலும் அடுத்த முனைக்கு ஓடியது. அளக்க வந்த இன்ஜினியர் கருவியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். டீசல் செலவு தாங்காமல் பாதிப் பேரை நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்த ஃபேக்டரி, ஒருவரையும் நிறுத்தவில்லை.

எல்லோரும் சந்தோஷப்பட்டபோது ஜெர்சனின் மனைவி ஜோவிதா மட்டும் சந்தோஷப்படவில்லை. அதே சாலையின் நடுவில் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் டீசல் போடுவது அவள் வேலை. “ஜீரோ பாத்துக்கங்க” என்று சொல்லாமல் ஒருவருக்கும் அவள் குழாயைத் திறந்ததில்லை. இப்போது சொல்ல ஆளில்லை. லாரிகள் சத்தமில்லாமல் கடந்து போயின. கட்டிய புருஷனும் கையை ஆட்டிவிட்டு உருண்டு போனான். ஒரு சொட்டு டீசலைச் சாலையில் விட்டுப் பார்த்தாள். அது இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போனது. அதை அவள் வியந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பங்க் முதலாளி செல்லக்கண்ணு கூப்பிட்டார்.

“தப்பா நெனச்சுக்காத கண்ணு, அடுத்த மாசத்துலருந்து வர வேண்டாம்.”

“ரோடு சாஞ்சதுக்கு நான் ஏனுங்க ஊட்டுல உக்காரோணும்?”

அவர் வாயைத் திறப்பதற்குள் ஜெர்சனின் லாரி சக்கரமெல்லாம் புகைய வந்து நின்றது. இரண்டு பக்கமும் இறக்கம் என்றால் இரண்டு பக்கமும் பிரேக்கில்தானே கால் இருக்கும்! ஜோவிதா ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து சக்கரங்களில் பீய்ச்சினாள். பின்னாலேயே இன்னொரு லாரியும் புகைந்துகொண்டு வந்தது.

அதற்குப் பிறகு எல்லா லாரிகளும் பங்க்குக்குள் திரும்பின. சக்கரம் குளிர்விக்கக் கட்டணம் போட்டார் செல்லக்கண்ணு. ஜோவிதாவின் வேலை நிலைத்தது. அடுத்த ஆண்டும் வரி ஏறியது. சாலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. துணைக்கு மனிஷா என்ற பெண்ணையும் சேர்த்துக்கொண்டார்கள். பழக்கம் மட்டும் ஜோவிதாவை விடவில்லை. தண்ணீரைத் திறக்குமுன் டீசல் மீட்டரைக் காட்டி “ஜீரோ பாத்துக்கங்க” என்பாள். ஜெர்சனும் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பான். ஜீரோதான் இருக்கும்.