முரசுக்காரன் இன்னும் படுத்திருக்கிறான்

1

இந்தக் கதை சோம்பலில் பிறந்தது. அதைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் மரியாதை. எழுதுகிறவர்களைக் கேட்டால் ஏதோ ஒரு காட்சி தூங்கவிடவில்லை என்பார்கள். என்னைத் தொந்தரவு செய்தது காட்சி அல்ல, மேசைமேல் வரிசையாக நின்ற என் குதிரைப்படை. சுண்டுவிரல் உயர ஈயக் குதிரைகள். எல்லாவற்றுக்கும் கறுப்பு அடிப்பூச்சு ஆகிவிட்டது. அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. ஈஸ்டருக்கு முன்னால் வண்ணம் தீட்டி முடிப்பேன் என்று எங்கள் பொம்மைப் போர்ச் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தேன், அந்தக் கெடுவும் போய்விட்டது. தூரிகையை எடுத்தேன், கழுவினேன், நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினேன். பிறகு பேனாவை எடுத்தேன்.

ஆக, நீங்கள் வாசிப்பது குதிரைகளுக்குப் பதிலாகச் செய்த வேலை. அந்த அளவுக்கே எதிர்பாருங்கள்.

முதல் தொடக்கம்: "ட்ரெண்ட் ஆற்றின்மேல் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு" — வேண்டாம். இந்தப் பக்கத்தில் மூடுபனி இல்லாமல் எவனும் கதை ஆரம்பிப்பதில்லை.

இரண்டாவது: "மனிதன் ஏன் தன்னைவிடச் சிறியவற்றைப் படைக்கிறான் என்ற ஆதிக் கேள்வி" — இது எங்கள் சங்கத் தலைவர் ஹம்ஃப்ரி எழுதியது போலவே இருக்கிறது. அடித்தாயிற்று.

மூன்றாவது: டெரிக் வாட்னலின் முரசுக்காரன் இந்த வருடமும் படுத்திருந்தான்.

இது போதும். இதிலிருந்து போகலாம்.

2

இங்கிலாந்தில், டெர்பிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே மெதடிஸ்ட் தேவாலயத்தின் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கூடுகிறோம். அதிகமும் ஓய்வு பெற்றவர்கள். பச்சைத் துணி விரித்த மேசையில் ஈய வீரர்களை நகர்த்தி, முன்னோர்கள் ஜெயித்த போர்களைத் தோற்போம், தோற்றவற்றை இன்னும் மோசமாகத் தோற்போம். நடுவில் தேநீர், பன்றி இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி, உடைந்த பிஸ்கட்.

ஹம்ஃப்ரி காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இருந்தாலும் "நாம் அன்று இடப்பக்கத்தைக் கோட்டைவிட்டோம்" என்றுதான் பேசுவார், இருநூறு வருடத்துக்கு முந்தைய சேற்றில் தன் பூட்ஸ் இன்னும் கிடப்பதுபோல. அவர் எதிரில் பொம்மை என்று சொல்லக்கூடாது. சிற்றுருவம் என்று சொல்ல வேண்டும்.*

குளிர்காலச் சவால் அவர் ஏற்படுத்தியது. இலையுதிர்காலத்தில் ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிற ஞாயிறன்று, இந்தக் குளிரில் எதை முடிக்கப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறன்று கொண்டுவந்து மேசையில் நிறுத்த வேண்டும். பரிசு கிடையாது. அவமானம் மட்டும் உண்டு. முடியாத பொம்மை மேசையில் நிற்கக்கூடாது, பிஸ்கட் டின்னின் மூடியில் படுக்கவைக்க வேண்டும். அந்த மூடிக்கு ஆஸ்பத்திரி என்று பெயர்.

முடிந்தது என்றால் என்ன? கண் தீட்டியிருக்க வேண்டும், வார்னிஷ் அடித்திருக்க வேண்டும், காலடியிலுள்ள தட்டில் மண்ணோ புல்லோ ஒட்டியிருக்க வேண்டும். "காலுக்குக் கீழே நிலமில்லாதவன் வீரன் அல்ல, விற்பனைச் சரக்கு." இந்த வாசகத்தை ஹம்ஃப்ரி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வேறு ஆணி இல்லாததால், கழிப்பறைக்கு வழிகாட்டும் அம்புக்குறிக்கு மேலே.

* இந்தக் கதை முழுக்கப் பொம்மை என்றுதான் எழுதப்போகிறேன்.

3

டெரிக் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். பெரிய கை, மெல்லிய தூரிகை. அவர் தீட்டியது பழங்கால ஆங்கிலக் காலாட்படையின் ஒரு பிரிவு. எந்தப் பிரிவு என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதன் பொத்தான் பற்றி எனக்குக் கடிதம் வரும்.

அவர் ஓய்வு பெற்றபோது மனைவி பெரில் ஒன்றே ஒன்று கேட்டார். மேபிள்தோர்ப்பில், அக்கா வீட்டுப் பக்கத்தில், கடலோரம் ஒரு சின்ன வீடு. வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட உணவறையில் உருளைக்கிழங்கு மசித்தவர், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டது பெரிய தப்பில்லை. டெரிக்கும் மறுக்கவில்லை. "இந்தப் பிரிவு மட்டும் முடியட்டும் பெரில், போயிரலாம்" என்றார். ஒரு குளிர்காலத்து வேலை என்று பெரில் நினைத்துக்கொண்டார்.

பிரிவு முடிந்தது, முரசுக்காரன் ஒருவனைத் தவிர.

மற்ற வீரர்களுக்குச் சிவப்புக் கோட்டு, மஞ்சள் கைமடிப்பு. முரசுக்காரனுக்குத் தலைகீழ்: மஞ்சள் கோட்டு, சிவப்புக் கைமடிப்பு. சரி, என்ன மஞ்சள்? இந்தக் கேள்விக்குள் விழுந்தவர்கள் பலர் திரும்பி வந்ததில்லை. ஒரு வருடம் எலுமிச்சை. மறுவருடம் யாரோ ஒரு பழைய ஓவியத்தைக் காட்ட, வெண்ணெய். அதற்கடுத்த வருடம் ஏதோ அருங்காட்சியகத்தில் துணித்துண்டு ஒன்று கிடைக்க, கடுகு. ஒவ்வொரு குளிருக்கும் பழைய வண்ணத்தின் மேலேயே புதிய வண்ணம். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஆஸ்பத்திரி.

நெவில் என்று ஒருவர் இருக்கிறார். பேருந்து ஓட்டுகிறார், பூதங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டுவார். பூதத்தின் கோட்டு என்ன நிறம் என்று எவனும் சண்டைக்கு வரமாட்டான் என்பது அவர் கணக்கு.

"யோவ் டெரிக், எலுமிச்சம்பழம், வெண்ணெய், கடுகு... அடுத்து என்னய்யா, கஸ்டர்டா?"

"ஆதாரம் மாறுனா நாமளும் மாறணும்ல."

"ஆதாரம் எங்கய்யா மாறுது? மேபிள்தோர்ப்புல வீடு காலியாகுறப்பல்லாம் உன் மஞ்சள்தான் மாறுது."

எல்லோரும் சிரித்தார்கள். டெரிக்கும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

4

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். டெரிக்கை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

முதல் வரைவில் அவரைத் தந்திரக்காரராக எழுதினேன். மனைவியை ஏமாற்ற ஒரு ஈயப் பொம்மையைக் கருவியாக்கியவர். எழுத சுகமாக இருந்தது, வாசித்தால் பொய்யாக இருந்தது. அந்த மனிதர் கடையில் மீதிச் சில்லறை அதிகம் வந்தால் மழையில் திரும்பி நடக்கிறவர். இரண்டாம் வரைவில் கலைஞராக்கினேன். "பூரணத்தைத் தேடி அலைந்த அந்தத் தூரிகை" என்று ஒரு வாக்கியம்கூட வந்தது. அதைக் கேட்டிருந்தால் டெரிக் தன் தூரிகையால் என் கண்ணைக் குத்தியிருப்பார்.

அந்த வரைவில் இவர்கள் எல்லோரும் "என் இனிய நண்பரே, வானிலை மோசமாக இருக்கிறது அல்லவா?" என்றுதான் பேசிக்கொண்டார்கள். இத்தனை காலம் இவர்களோடு தேநீர் குடித்தவன் அப்படி எழுதலாமா? கிழித்துப்போட்டேன்.

(ஹம்ஃப்ரி பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா அடியும் அவர்மேலேயே விழுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் வந்து ஹீட்டரைப் போட்டு, நாற்காலி விரித்து, தேநீர்ப் பாத்திரத்தைச் சூடாக்குகிறவர் அவர்தான். இதைச் சொல்லிவிட்டேன். இனி மனசாட்சி உறுத்தாமல் அடிக்கலாம்.)

டெரிக் உண்மையில் யார் என்று நான் கண்டுபிடிக்கவில்லை. பெரில் கண்டுபிடித்தார்.

5

ஈஸ்டருக்கு முந்தைய அந்தக் கெடு ஞாயிறு. மழை. மேசையில் படைகள் நின்றன. ஆஸ்பத்திரியில் என் குதிரைகள் மொத்தமும் கறுப்பாகப் படுத்திருந்தன, ஓரத்தில் டெரிக்கின் முரசுக்காரன். அடித்தட்டு வெறும் ஈயம். ஹம்ஃப்ரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அணிவகுப்பைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. பெரில். வழக்கமாக டெரிக்கை வாசலில் காரிலிருந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார், உள்ளே வந்ததில்லை. நனைந்த மழைக்கோட்டு, கையில் ஒரு ஜாம் ஜாடி.

"வாங்க வாங்க, மேடம்! எங்க சிற்றுருவங்களப் பாக்க வந்தீங்களா?"

"பொம்மைய ரொம்பப் பாத்தாச்சு கண்ணு. பாதி எங்க ஃப்ரிட்ஜுக்கு மேலதான நிக்குது." நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து முரசுக்காரனை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "டெரிக், இவனுக்கு ஏன் மூஞ்சி வீங்கிருக்கு?"

வண்ணத்தைத் தண்ணீர் கலந்து மெல்லிசாகப் பூச வேண்டும். மேலே மேலே பூசினால் மூக்கும் உதடும் அடைபட்டுப்போகும். வாங்கிய புதிதில் கூரான மூக்கோடு இருந்த பையன் அவன். இப்போது பொன்னுக்குவீங்கி வந்தவன் மாதிரி இருந்தான்.

ஹம்ஃப்ரி முன்னால் வந்தார். "கோட்டைக் காவல்ல இருந்த வீரர்கள் நல்ல சாப்பாட்டுக்காரங்க மேடம். டெரிக் அத ரொம்ப நுட்பமா காட்டிருக்கார். அந்தக் கன்னத்துல ஒரு காலகட்டமே இருக்கு."

"காலகட்டம் இல்ல தலைவரே, பெயிண்ட்டு" என்றார் நெவில்.

"ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க கண்ணு." பெரில் டெரிக்கைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "கோட்டு நிறத்துலதான உனக்குச் சந்தேகம்? மூஞ்சியில என்ன சந்தேகம்? அத எதுக்கு வருஷா வருஷம் பூசுன?"

இத்தனை வருடம் மஞ்சளைப் பற்றி வாதாடிய எங்களில் ஒருவனுக்கும் இந்தக் கேள்வி வரவில்லை. கோட்டுக்கு ஆதாரம் உண்டு. முகத்துக்கு என்ன ஆதாரம்?

"மஞ்சளுக்குப் பொருத்தமா இருக்கணும்ல..." என்று டெரிக் ஆரம்பித்தார்.

"அக்காவுக்குப் பக்கத்து வீட்ட விக்கிறாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும். கடல் புடிக்கலைன்னா சொல்லு, இங்கயே இருந்துக்கலாம். நான் ஒண்ணும் செத்துற மாட்டேன். இந்தப் பையன் பின்னால ஒளிஞ்சுக்காத."

"புடிக்கலைன்னு இல்ல."

"பின்ன?"

"அங்க ஈரம் ஜாஸ்தி பெரில். வார்னிஷ் அடிச்சா வெளுத்துப் போயிரும்."

"டெரிக்."

அவர் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டார். "அங்க என்னைய யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

(இந்த இடத்தில் மழை நின்றது என்று எழுதியிருந்தேன். நிற்கவில்லை. எடுத்துவிட்டேன்.)

பெரில் ஜாடியை மேசையில் வைத்தார். உள்ளே மணல், நடுநடுவே கிளிஞ்சல் பொடி. "போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனப்ப அள்ளுனேன். காலுக்குக் கீழ மண்ணு வேணும்னு கக்கூஸ் பக்கம் மாட்டி வச்சிருக்காங்கன்னு நீதான சொன்ன. இந்தா, மண்ணு. நான் ஒட்ட மாட்டேன். நீ ஒட்டுனா போறோம். இல்லைன்னா இல்ல. ஆனா இன்னொரு தடவ மஞ்சள்னு மட்டும் சொல்லாத."

ஹம்ஃப்ரியால் தாங்க முடியவில்லை. "ஒரு சின்ன விஷயம் மேடம். இந்தப் பிரிவு கடற்கரையில சண்டையே போட்டதில்ல."

"இப்பப் போடுதுல்ல" என்றார் நெவில்.

டெரிக் முரசுக்காரனை வாங்கினார். வெள்ளைப் பசைக் குப்பியைத் திறந்தார். அகலத் தூரிகையால் அடித்தட்டில் தடவினார், ஓரம் வரை, பூட்ஸ்களுக்கு நடுவிலும். பெரில் ஜாடியின் மூடியைத் திருகித் திறந்தார்.

6

முடிவுகள்.

அ) டெரிக் மணலில் முக்கி எடுக்கிறார். முரசுக்காரன் நிற்கிறான். கைதட்டல். கடைசி வரியில் மேபிள்தோர்ப் ஜன்னல், கடற்பறவைகள். எழுதி முடித்ததும் எனக்கே பல் கூசியது.

ஆ) டெரிக் கட்டைவிரலால் பசையைத் துடைத்துவிடுகிறார். பெரில் ஜாடியை மூடிக்கொண்டு மழையில் போகிறார். நாளைக்கு அக்காவிடம் சொல்ல வேண்டிய பதிலை வழியிலேயே ஒத்திகை பார்க்கிறார். இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதிவிட்டு வெகுநேரம் தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

இ) வரைவை ஹம்ஃப்ரியிடம் காட்டினேன். முரசுக்காரன் நின்றதும் உறுப்பினர்கள் அனைவரும் எழுந்து சல்யூட் அடிப்பதாகவும், தலைவர் ஒரு சிற்றுரை நிகழ்த்துவதாகவும் முடிக்கச் சொன்னார். உரையைத் தானே எழுதித் தருவதாகவும் சொன்னார். தந்தும்விட்டார். அது இந்தக் கதையைவிட நீளம்.

ஈ) டெரிக் சொல்கிறார்: "பெரில், முதல்ல நான்" —

ஈ முடியவில்லை. அங்கே டெரிக் என்ன சொல்வார் என்று எனக்கு வரவில்லை.

நீ பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய், நடந்ததைச் சொல்லிவிட்டுப் போயேன் என்பீர்கள். நியாயம்தான். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்றால், டெரிக்கின்மேல் வார்னிஷ் அடித்தாகிவிடும். வார்னிஷ் அடித்தவனை அதன்பிறகு யாரும் தொடுவதில்லை. அலமாரியில் ஏற்றி, தந்திரக்காரன் என்றோ நல்ல புருஷன் என்றோ ஒரு சீட்டு ஒட்டிவிட்டு அடுத்த பொம்மைக்குப் போய்விடுவோம். சங்கத்தில் எங்கள் வழக்கம் அதுதான். அந்த மனிதர் இத்தனை வருடம் அஞ்சியதும் அதற்கு என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது. தப்பாகவும் இருக்கலாம். என் குதிரைகளே இன்னும் கறுப்பாகக் கிடக்கின்றன, முடிப்பதைப் பற்றி நான் பேசக்கூடாது.

இந்தப் பசையைப் பற்றி மட்டும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது வெள்ளை. காயக் காயத் தெளிந்து கண்ணாடியாகிவிடும். தெளிந்த பிறகு மணலைக் கொட்டினாலும் ஒட்டாது. பெரிலுக்கு இது தெரியாது. டெரிக்குக்குத் தெரியும்.

இந்தாருங்கள், முரசுக்காரன். கோட்டில் கை படாமல், தட்டின் ஓரத்தைப் பிடியுங்கள். ஜாடி இடதுபக்கம் திறந்திருக்கிறது. பெரில் ஒன்றும் சொல்லமாட்டார், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். ஓரத்தில் ஒரு இடத்தில் தெளிய ஆரம்பித்துவிட்டது. நடுவில், பூட்ஸ்களைச் சுற்றி, இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.